பாடத்திட்டத்தில் ஒரு வயிற்று வலி

பிரிக்பீல்ட்ஸ்,
13.6.1994

அன்பும் மரியாதையும் மிக்க அத்தான் சின்னையா அவர்களுக்கு,

இராமலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் மனைவி ரமணி நலம். என் நலத்தைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். கிள்ளானில் நீங்களும் அக்காவும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

சுபாங் ஜெயாவில் போன வருடம் திறந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் பாடத்திட்டத்தை மாற்றி எழுதுகிறார்கள். அந்தக் குழுவில் பொதுமக்கள் சார்பாக ஒருவர் வேண்டுமென்று, எங்கள் மாடியில் குடியிருக்கும், அங்கே பாடம் நடத்தும் டாக்டர் புஷ்பவல்லி என்னைக் கூட்டிப் போனார். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டேன். "நாளைக்கு நோயாளியா வரப்போறவங்களும் பேசணும்லா அங்கிள்" என்றார். பேச எங்கே விட்டார்கள்? பேராசிரியர் சிவகுருநாதன், "முதல் ரெண்டு வருஷம் புத்தகம்தான். உடம்பைத் தெரியாதவன் நோயாளியிட்டப் போய் என்னத்தைக் கேக்கிறது?" என்கிறார். புஷ்பவல்லியோ, "ரெண்டு வருஷம் புத்தகத்தையே பார்த்த பிள்ளைங்க அப்புறம் நோயாளி மூஞ்சியப் பார்க்க மாட்டாங்க டாக்டர்" என்கிறார். தேநீருக்கு வைத்த கறிபாப் பலகாரம் தீர்ந்தும் சண்டை தீரவில்லை. கடைசியில், ஆளுக்கொரு மாணவரை அனுப்பிச் சோதித்துப் பார்ப்பதென்றும், நான் நோயாளியாக நடிப்பதென்றும் முடிவானது. எனக்கு ஒரு வயிற்று வலியை எழுதிக் கொடுத்தார்கள்.

பேராசிரியரின் மாணவன் பாலன் வந்தான். வயிற்றை அமுக்கி, உள்ளே இருப்பதையெல்லாம் பெயர் சொல்லி ஒப்பித்துவிட்டு, என் பெயரைக் கேட்காமலே போய்விட்டான். அடுத்து புஷ்பவல்லியின் மாணவி சீதாலெட்சுமி. என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"அங்கிள், கால்ல ரத்தம் வருது. வலிக்கலையா?"

"இல்லம்மா. எனக்கு வயிறு மட்டுந்தான் சொல்லியிருக்காங்க."

காலில் போட்டிருந்த சப்பாத்தைக் கழற்றச் சொன்னாள். அடியிலிருந்து ஓர் ஆணி ஏறிக் காலில் குத்தி நின்றது. எனக்குத் துளி உணர்வு இல்லை. இனிப்பு நீராம், அத்தான், சர்க்கரை வியாதி. ரத்தத்தில் சர்க்கரை அவ்வளவு ஏறியிருந்ததாம்; சோதித்தவர்கள் நம்பாமல் இன்னொரு தடவை ரத்தம் எடுத்தார்கள். இப்படியே விட்டிருந்தால் காலையே எடுக்க நேர்ந்திருக்குமாம்.

"நரம்பு எப்பிடிச் சாகுதெண்டு படிச்சாத்தான் இது விளங்கும்!" என்றார் பேராசிரியர். "கண்ணு பார்த்தாத்தானே டாக்டர் படிச்சது உதவும்!" என்றார் புஷ்பவல்லி. என் வெறுங்காலுக்கு மேலே இருவரும் வாதாட, "ரெண்டு பேரும் கொஞ்சம் நகருங்க, கட்டுப் போடணும்" என்றாள் அந்தப் பெண். அவள் துடைக்கத் துடைக்கப் பஞ்சு சிவந்துகொண்டே போனது. எனக்குப் பயம் வந்ததே அப்போதுதான்.

முடிவில், முதல் வாரத்திலிருந்தே புத்தகமும் நோயாளியும் சேர்ந்தே வரும் என்று எழுதிக்கொண்டார்கள். நான் குழுவிலிருந்து விலகிவிட்டேன். மனிதனைக் காட்சிப் பொருளாக்கும் இடத்தில் இனி அடி வைக்க மாட்டேன்.

நீங்களும் அக்காவும் தினமும் காலைக் குனிந்து பாருங்கள். தெய்வம் துணை நிற்கட்டும்.

தங்கள் அன்பு மைத்துனன்,
இராமலிங்கம்

பி.கு.: இன்று காலை புதிய பாடத்திட்டம் தபாலில் வந்தது. வியாழக்கிழமை, முதல் வகுப்பு, நோயாளி: "திரு. இராமலிங்கம்." ரமணி என் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறாள்.