டக்ளஸ் அக்ராய்டின் பின்னணி மீது என் ஆட்சேபணைகள்

ஹாலிஃபாக்ஸ்,
14 பிப்ரவரி 2012

என் பிரியத்துக்குரிய எனிட் அக்காவுக்கு,

தம்பி வில்ஃப்ரெட் எழுதுவது. இங்கே நானும் மேவிஸும் சௌக்கியம். ஸ்கார்பரோ கடற்காற்றில் அத்தானின் முட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறோம். என் வயிற்றெரிச்சல்தான் தணியவில்லை.

எல்லாம் அந்த டக்ளஸ் அக்ராய்டால். பத்தொன்பது வருடம் எனக்கு எதிர்மேஜையில் உட்கார்ந்து, என் பிஸ்கட்டைத் தின்று, ஜெயித்த கட்சிக்காரர் தோற்றவரிடம் வசூலிக்க வழக்குச் செலவுப் பட்டியல் எழுதினானே, அவனேதான். மூன்று வருடம் முன்பு தனியாகக் கடை போட்டான். இப்போது எங்கள் சங்கப் பத்திரிகை அவனுடைய 'தொழில் பின்னணி'யை முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறது, போட்டோவோடு! எதிராளியின் பட்டியலை வரிவரியாக வெட்டுவது என் பிழைப்பு அல்லவா, இதையும் வெட்டினேன். 'இருபத்திரண்டு ஆண்டு அனுபவம்' என்கிறது. அதில் டீ குடித்த நேரத்தைக் கழித்தால் பதினான்கு தேறும். ஒரு போன் பேசினால் ஆறு நிமிடக் கட்டணம் என்று எழுதுவது எங்கள் வழக்கம். அவன் கொட்டாவி விட்டதற்கும் ஆறு நிமிடம் எழுதியவன். 'எவரையும் சாராமல் தனித்து இயங்குபவர்' என்கிறது. யாரு, இவனா? உறைக்கு ஸ்டாம்பு ஒட்டக்கூட என்னைக் கூப்பிட்டவன் அக்கா இவன்!

கடைத்தெருவில் அவன் ஆபீஸ் பலகையைப் பார்க்க வேண்டுமே. தன் பெயரைக் கீழே ஒடுக்கி எழுதி, மேல்பாதியைக் காலியாக விட்டிருக்கிறான். ஒழுங்காக அளவெடுக்கத் தெரிந்த ஒரு பெயின்டர்கூடவா கிடைக்கவில்லை? தினமும் அந்த வழியாகப் போய்ப் பார்த்துச் சிரிக்கிறேன்.

"சிரிக்கிறதுக்கா தினமும் ஒரு மைல் சுத்திப் போறீங்க? அவரோட நீங்களும் போயிருக்கலாம்ல?" என்கிறாள் மேவிஸ்.

"கூப்பிட்டானா? ஒரு வார்த்தை கூப்பிட்டானா?" என்று கத்திவிட்டேன். அதுதான் அக்கா உண்மை. பொறாமைதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவன் கூப்பிடாததுதான் அதைவிட வலிக்கிறது. போகிற அன்று ஒரு கல்குவாரி வழக்கின் காகிதக் கட்டை என் மேஜையில் வைத்து, "வில்ஃப், மேல ஒரு உறை இருக்கு, தொலைச்சிடாதடா" என்றான். அவ்வளவுதான். உறைமேல் சிவப்பு மையில், 'சமரச யோசனை. செலவுத் தீர்ப்புக்கு முன் நீதிபதி பார்க்கக் கூடாது' என்று இருந்தது. அப்படிப்பட்ட உறையைப் பிரிக்காமல் கோர்ட்டில் ஒப்படைப்பதுதான் முறை. கட்டோடு சேர்த்து ஒப்படைத்தேன். நான் முறை தவறாதவன். அவனைப் போல நன்றி கெட்டவன் இல்லை.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசி. இனி இந்த வீட்டில் டக்ளஸின் பேச்சே கிடையாது.

உன் தம்பி,
வில்ஃப்ரெட்

பி.கு.: ஸ்டாம்பு ஒட்டும்போது தபால்காரர் வந்தார். கல்குவாரி வழக்கு போன வாரம் ஒருவழியாக முடிந்ததால் கோர்ட் அந்தக் கட்டைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. உறை பிரிந்திருந்தது. மேலே குமாஸ்தாவின் சீட்டு: 'இது வழக்கு சம்பந்தப்பட்டதல்ல, உங்களுக்கு வந்தது. நீதிபதி தம் வாழ்த்தைத் தெரிவிக்கச் சொன்னார்.'

உள்ளே டக்ளஸின் கையெழுத்து. "வில்ஃப், உறைமேல எழுதினதைப் பாத்துச் சிரிச்சியா? தனியாப் போக பயமா இருக்குடா. நீயும் வா. பலகையில உன் பேரு மேல, என் பேரு கீழ. இருபத்தோரு நாளுக்குள்ள சொல்லு."

மூன்று வருடம் ஆகிவிட்டது அக்கா! ஆனால் சமரச யோசனை விதியைப் புரட்டிப் பார்த்தேன்: கெடு தாண்டினாலும், எழுத்து மூலம் திரும்பப் பெறாதவரை யோசனை உயிரோடுதான் இருக்கும். அவன் திரும்பப் பெறவில்லை. கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்புகிறேன். மேலே எழுதியதையெல்லாம் அடுப்பில் போட்டுவிடு.

அந்தப் பலகையின் மேல்பாதி இன்று காலைகூடக் காலியாகத்தான் இருந்தது.