உப்பு மேஸ்திரியின் மான் தொட்டி

மான் வராத இடமாகப் பார்த்துத் தீனித் தொட்டி வைப்பதில் உப்பு மேஸ்திரியை மிஞ்ச சேர்வராயன் மலையில் இன்னொரு ஆள் பிறக்கவில்லை. பெற்றவர்கள் வைத்த பெயர் எஸ்டேட் ரிஜிஸ்தரில் இருந்தது. அதை எழுதிய ரைட்டர் நான்தான். ஆனால் அவர் வாங்கிய கல்லுப்பு மூட்டைகளைப் பார்த்த பிறகு எனக்கே அந்தப் பெயர் மறந்துவிட்டது.

கொட்டச்சேடு பக்கம் ஒரு காபி எஸ்டேட். பன்னிரண்டு வீடுகள் கொண்ட லயனில் அவர் வீடும் என் வீடும் ஒட்டி இருந்தன. ஆடி மாதம் ஒரு காலையில் பார்த்தால், பின்பக்கச் சரிவில் ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து வைத்து, உப்பும் ராகியும் வெல்லமும் வாழைப்பழமும் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"என்னங்க மேஸ்திரி இது?"

"மானுக்குங்க."

"மான் கேட்டுச்சுங்களா?"

"வந்தா கேக்கும்ங்க."

எதற்கு இந்த வேலை என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவர் மனைவிக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. தைப் பொங்கல் வரை தாங்கினால் பெரிசு என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். நான் அக்கா என்று கூப்பிடும் அந்த அம்மா நாற்பது வருஷம் காபிப் பழம் பறித்தவர். "அதோ மானு" என்று யாராவது சொல்லி இவர் கிளையிலிருந்து தலையைத் தூக்குவதற்குள் அது ஓடிவிடும். "ஆயுசுக்கும் வாலத்தான் பாத்திருக்கேன். ஒருக்கா மூஞ்சியப் பாக்கோணும்" என்று கேட்டிருக்கிறார். ஏரிக்கரைப் பூங்காவில் இருக்கிறதே என்றால், "கம்பிக்குள்ள நிக்கறது வேறைங்க" என்பார். புருஷனும் பெண்டாட்டியும் கண் விஷயத்தைப் பற்றி மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மலை பூராவும் புல். பலாப்பழம் விழுந்து, எடுப்பாரில்லாமல் அழுகியது. தொட்டிக்குக் குரங்கு வந்தது, நத்தை வந்தது. எஸ்டேட் பசு ஒன்று வெல்லத்தின் ருசி கண்டு, மேஸ்திரி எங்கே போனாலும் பின்னாலேயே நடந்தது. மான் மட்டும் வரவில்லை.

"கல்யாண ஊட்டுல பந்தி நடக்கறப்போ நம்ம பழைய சோத்துக்கு எவன் வருவான்?" என்று அக்காவே சிரித்தார்.

மேஸ்திரி விடுகிற ஆளா? மனுஷ வாசம்தான் காரணம் என்று சோப்பை நிறுத்தினார், எண்ணெயை நிறுத்தினார், ஆட்டுப்புழுக்கையைக் கரைத்து உடம்பில் பூசிக்கொண்டார். ஆட்கள் பத்தடி தள்ளி நின்று வேலை கேட்டார்கள். அப்புறம் சத்தம்தான் காரணம் என்று, காலையில் குக்கர் விசில் வரக்கூடாது என லயனுக்கே தடை போட்டார். பன்னிரண்டு வீட்டிலும் வடித்த சோறுதான். காட்டு மிருகத்துக்குத் தீனி போட்டால் கேஸ் ஆகும் என்று வனக்காவலர் ஒருவர் எச்சரித்தார்.

"திங்கவே இல்லீங்களே சாமி. தின்னுச்சுன்னா வந்து புடிச்சுக்கோங்க" என்றார் மேஸ்திரி.

புரட்டாசியில் ஒரு சேதி வந்தது. செம்மநத்தம் ரோட்டில் ஓர் அத்திமரம் பழுத்துக் கொட்டுகிறது, தினமும் விடிந்ததும் மூன்று மான்கள் வந்து நிற்கின்றன என்று வேலைக்கு வரும் பெண்கள் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஜீப்பில் அக்காவைக் கூட்டிப் போவதாக ஏற்பாடு.

என் கெட்ட நேரம், ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு மஞ்சக்குட்டையில் ஆட்டுக்கால் வாங்கிவந்தேன். வாட்டாத கால், குளம்போடு இருந்தது. விசில் தடையில் எனக்குக் கொஞ்சம் கடுப்பும் இருந்தது. பொழுது சாயும்போது தொட்டியைக் காலி செய்து, ஈர மண்ணில் சுற்றிலும் அந்தக் காலால் நாலு பக்கமும் குத்தி வைத்தேன். வந்து சூப்பும் வைத்துக் குடித்தேன். கிராதகன்.

விடிந்ததும் மேஸ்திரி போட்ட கூச்சலில் லயனே எழுந்தது. ஆட்டுக் குளம்பும் மான் குளம்பும் தெரியாதவரில்லை. ஆசை இருந்ததே, அது பார்க்க விடவில்லை. "தின்னுட்டுப் போயிருக்குதுங்க. இனி தெனமும் வரும். அத்திமரத்துக்கு எதுக்குங்க போறது?" என்றார். ஜீப் காலியாகப் போனது. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அக்காவைச் சரிவுப் பலகையில் உட்காரவைத்துக் காத்திருந்தார். ஐப்பசி போனது, கார்த்திகை போனது, அத்திமரமும் ஓய்ந்தது. பொங்கல் கழிந்து ஒரு நாள் அக்கா சுவரைத் தடவித் தடவிக் குழாயடிக்கு வந்தார். அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. என் ஆட்டுக்கால் என்ன செய்துவிட்டது என்பதும்தான்.

பங்குனியில் மலை காய்ந்தது. தின்ன எதுவுமில்லாமல், ஒரு காலையில் நிஜமாகவே ஐந்து புள்ளிமான்கள் தொட்டிக்கு வந்தன. உப்பை நக்கும் சத்தம் பலகை வரை கேட்டது.

"வந்துருச்சுங்களா?" என்றார் அக்கா.

"அஞ்சு வந்திருக்குது. முன்னால நிக்கறது கெடா, நொம்ப அழகு."

"வாலுதான் தெரியுதா?"

"வாலு அந்தப் பக்கம் இருக்குது. மூஞ்சி உன்னத்தான் பாத்துக்கிட்டிருக்குது."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மான்கள் போனதும் மேஸ்திரியைத் தனியே அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தவர் வெகுநேரம் கழுவிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கு அவ புதுச் சீலை கட்டி ஜீப்புக்குக் கெளம்பி நின்னாளுங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலையில் வழக்கம்போல எனக்கு வரக்காப்பி கொண்டுவந்து கொடுத்தார், என் முகத்தைப் பார்க்காமல். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

மறுபடி ஆடி வந்தது, மழை வந்தது. மான்களுக்குத் தொட்டி மறந்துபோனது. மேஸ்திரிக்கு மட்டும் மறக்கவில்லை. தினமும் அக்காவைப் பலகையில் உட்காரவைத்து, "வந்திருச்சு, நிக்குது" என்று வராத மானை வர்ணித்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனபோது அக்கா என் செருப்புச் சத்தத்தைக் கண்டுகொண்டார்.

"ரைட்டர் தம்பிங்களா? நெசமாலுமே மானு நிக்குதுங்களா? நக்கற சத்தமே காணோமே."

தொட்டியில் மழைத் தண்ணீர்தான் நின்றது. இனிமேல் இந்த வீட்டில் பொய்யே சொல்வதில்லை என்று சத்தியம் செய்திருந்தவன் நான்.

"நிக்குதுங்க்கா. ரெண்டு. மூஞ்சி உங்களப் பாத்துத்தான் இருக்குது" என்றேன்.

பங்குனிக்குப் பிறகு முதல்முறையாக மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார்.

"பின்னால குட்டியொண்ணும் நிக்குது, கண்ணு. ரைட்டருக்குத் தெரியல."

இந்த மனுஷனிடம்தான் நான் என் ஆட்டுக்கால் வேலையைக் காட்டினேன்.