டொமிக்கு இலவச மருந்து எடுத்த கதை

குருசடி வீதி,
சிலாபம்.
03.04.2018

அன்புள்ள தம்பி சஜீவனுக்கு,

உயிர்த்த ஆண்டவருடைய சமாதானம் உனக்கும் ஜெசிக்காவுக்கும் உண்டாவதாக. இங்கே நானும் அத்தானும் சுகம். நாயும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், மனம் ஒப்பவில்லை. தொலைபேசியில் சொன்னால் பாதியில் சிரிப்பாய் என்பதால் கடிதமாக எழுதி, இத்தாலிக்குத் திரும்பும் ஜூலியானாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கடைசிவரை வாசி.

டொமியை "ஆறு மாசத்துக்கு மட்டும், அக்கா" என்று நீ விட்டுப்போய் நாலு வருடம். நாய் டொக்டருக்குக் காசு அனுப்பு என்று கேட்டபோதெல்லாம் நீ அனுப்பியது நாய்ச் செலவைக் குறைக்கும் வழிகள், அதுவும் வட்ஸ்அப்பில். தை மாதம் டொமியின் முதுகில் மயிர் கொட்டி வட்டம் வட்டமாகத் தோல் தெரியத் தொடங்கியது. நீ சொன்னபடி கடலில் குளிப்பாட்டினேன். சொறிந்த புண்ணில் உப்புப் பட்டதும் அது கரையில் காயப்போட்டிருந்த வலைக்குள் புகுந்து உருண்டது, வலைக்காரர் என்னைப் பேசிய பேச்சை எழுத முடியாது. நீ சொன்னபடி வேப்பிலை போட்டுத் தேங்காயெண்ணெய் காய்ச்சிப் பூசினேன். அது முழுவதையும் நக்கித் தின்றுவிட்டு வீடெல்லாம் கழிந்தது. அதைக் கழுவிக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. இந்த நாட்டில் மனிதருக்கு மருந்து இலவசம். தோல் தோல்தானே?

அப்படித்தான், பட்டம் பெற்றவள், ஞாயிறு தோறும் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி படிப்பிக்கிறவள், ஒரு சின்ன அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். வீட்டில் ஒருவருக்குச் சொறி என்று மொட்டையாகச் சொல்லித் தப்பலாம் என்று பார்த்தேன். டொக்டர் அஸ்கா என்ற அந்தப் புத்தளத்துப் பிள்ளை பேனாவை எடுத்து, பெயர் என்ன என்று கேட்டார். டொமி என்று சொல்ல முடியுமா? வாயில் அத்தானின் பெயர்தான் வந்துவிட்டது, கிளைட்டன் என்று. வயது? நாயின் ஒரு வயது மனிதருக்கு ஏழு என்று நீதானே அனுப்பியிருந்தாய், ஏழேழு நாற்பத்தொன்பது என்றேன். அத்தானுக்கும் அதே வயது என்பது பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு "அது"வை எல்லாம் "அவர்" ஆக்குவது மட்டுமே மிச்சம். அவருக்கு முதுகில் வட்டம் வட்டமாக இருக்கிறது, அவர் விடிய விடியச் சொறிகிறார், அவர் கதிரைக் காலில் முதுகைத் தேய்க்கிறார், அவர் இடப்பக்கம் சரிந்துதான் படுக்கிறார். டொக்டர் எழுதுவதை நிறுத்தினார்.

"அந்த இடத்தில தொட்டா, குத்தினா, அவருக்குத் தெரியுதாமா?"

"குத்தினாலும் அவர் ஒண்டும் சொல்லமாட்டார், டொக்டர்."

உண்மையைத்தான் சொன்னேன். ஒரு டியூப் களிம்பு தந்து, வருகிற புதன்கிழமை தோல் கிளினிக்குக்கு ஆளைக் கட்டாயம் கூட்டிவரும்படி சொன்னார். களிம்போடு வந்துவிட்டேன், ஆளை எங்கே கூட்டிப்போவது? முதுகில் வட்டம், தொட்டால் உணர்வில்லை என்றால் அவர்கள் தொழுநோயைச் சந்தேகிப்பார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கிளினிக்குக்கு ஆள் வரவில்லை என்று, இரண்டு கிழமை கழித்து பீ.எச்.ஐ. மாத்தயா, அதுதான் சுகாதாரப் பரிசோதகர், மோட்டார் சைக்கிளில் வந்தார். வந்தவர், கையில் தொழுநோய்ப் படிவத்தோடு, எங்கள் வீட்டுக்கு வழி கேட்டது பக்கத்து வீட்டு மக்டலின் அக்காவிடம். வேறு ஆளே கிடைக்கவில்லையா அவருக்கு? தும்பு ஆலையிலிருந்து அப்போதுதான் வந்த அத்தானின் சேட்டைக் கழற்றச் சொல்லி, முதுகில் பஞ்சால் வருடினார். அத்தான் கூச்சத்தில் நெளிந்தார். முதுகில் ஒன்றுமில்லை. பீ.எச்.ஐ.யை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கூட்டிப்போய் நாயைக் காட்டினேன். நாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நோனா படிச்ச ஆள்தானே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏதோ பெயர் மாறிவிட்டதாம் என்று அத்தானிடம் மழுப்பினேன். யார் சொன்னது, ஏன் வந்தது என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துக்கொண்டேன். அவருடைய முதுகில் ஒரு மச்சம் இருக்கிறது, தம்பி. பதினெட்டு வருடக் கலியாணத்தில் அதை அன்றுதான் கண்டேன். நாயின் முதுகில் எத்தனை வட்டம் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன்.

இனித்தான் கதை. பெரிய வியாழனில், இயேசு சீடருக்குச் செய்ததுபோல, ஃபாதர் பன்னிரண்டு ஆண்களின் பாதம் கழுவுவது உனக்குத் தெரியும். அந்தப் பன்னிரண்டுக்குள் வர அத்தான் பதினொரு வருடமாகக் காத்திருந்தார். இந்த வருடம்தான் பெயர் வந்தது. புது வெள்ளை வேட்டி வாங்கி அலுமாரியில் வைத்திருந்தார். மக்டலின் அக்காவின் புண்ணியத்தில், கிளைட்டனுக்குக் குஷ்டம் என்று ஊரெல்லாம் கதை. பன்னிரண்டு பேருக்கும் ஒரே பாத்திரம், ஒரே துவாய். ஒத்திகைக்கு வந்த அன்ரனிப்பிள்ளை அண்ணர் எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்: "நான் கிளைட்டனுக்கு முன்னால இருக்கிறன். பின்னால இருக்க ஏலாது." மற்றப் பத்துப் பேரும் அதையே சொன்னார்கள். அதனால் அத்தானுக்குக் கிடைத்தது கடைசிக் கதிரை. பிள்ளைகள் அதை யூதாஸின் கதிரை என்பார்கள். அன்று அவர் சாப்பிடவில்லை. "நான் போகேல்ல, யூஜினி. என்ர இடத்தை வேற ஆருக்கும் குடுக்கச் சொல்லு" என்றார்.

அதைக் கேட்டபின் பொறுக்க முடியாமல் ஓடிப்போய் ஃபாதரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோயில் வளவில் நின்று சொல்லியிருந்தால், பீடத்தில் ஏறி, கிளைட்டனுக்கு ஒன்றுமில்லை என்று ஒரு சொல்லில் முடித்திருப்பார். என் புத்தி, பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள் முழந்தாளிட்டுச் சொன்னேன். அங்கே கேட்டதை இனி அவர் ஆருக்கும் சொல்ல ஏலாது. தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து நீண்ட பெருமூச்சு மட்டும் கேட்டது.

அத்தானை நான்தான் கெஞ்சிக் கூட்டிப்போனேன். பன்னிரண்டு பேரும் வலது சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்தார்கள். ஃபாதர் துவாயை இடுப்பில் கட்டிக்கொண்டு முதற் கதிரையைத் தாண்டினார், இரண்டாவதைத் தாண்டினார், நேரே கடைசிக் கதிரைக்குப் போய் முழந்தாளிட்டார். அத்தானின் பாதத்தைக் கழுவி, துடைத்து, குனிந்து முத்தமிட்டார். பிறகு அதே பாத்திரத்தோடும் அதே துவாயோடும் மற்றப் பதினொரு பேரிடமும் வந்தார். அன்ரனிப்பிள்ளை அண்ணர் காலை இழுத்தார், ஃபாதர் விடவில்லை. அத்தான் அழுதார். நானும்தான்.

ஆகவே தம்பி, என் புருஷனின் மானம் தப்பியது ஃபாதரால், உன் நாயால் அல்ல. ஒன்றுமில்லாத மனிதருக்கு இவ்வளவு அவமானம். இந்த மாதம் முடியுமுன் எத்தாளையிலிருந்து உன் மாமனாரை வந்து டொமியைக் கொண்டுபோகச் சொல். இனி எந்த வழியும் அனுப்பாதே.

புனித அன்னம்மாள் உங்கள் இருவரையும் குளிரிலிருந்து காப்பாற்றுவாளாக. ஜெசிக்காவுக்கு என் அன்பு.

உன் அக்கா,
யூஜினி

பி.கு.: மாமனாரை வரச் சொல்லாதே. இன்று காலை டொமியை மிருக டொக்டரிடமே கொண்டுபோனோம். பார்த்துவிட்டு அவர், "இது படர்தாமரை. நாய் மனிசருக்குக் குடுத்தது இல்லை, மனிசர் நாய்க்குக் குடுத்தது. வீட்டில ஆருக்கு இருக்கு?" என்று கேட்டார். அத்தான் சுவரிலிருந்த கலண்டரைப் பார்த்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார்: நத்தார்ப் பண்டிகையிலிருந்து பாதத்தில் கடியும் சொறிவுமாம், டொக்டருக்கு ஏன் வீண்செலவு என்று விட்டாராம். டீவி பார்க்கும்போது கீழே படுத்திருக்கும் டொமியின் முதுகில் வைத்துத் தேய்த்தால் சுகமாக இருந்ததாம். பீ.எச்.ஐ. வந்தபோது காலுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நடுங்கினாராம். எந்தக் கால் என்று கேட்டேன். இடது என்றார். கோயிலைத் தாண்டும்போது, "வலதும்தான்" என்றார்.