பெட்டிபிரட்டியாரும் புளூபெரியும்

வெள்ளவத்தையில் நகைக்கடைக்காரரை ஏமாற்றலாம், வீட்டுத் தரகரை ஏமாற்றலாம், முயன்றால் ஓட்டோக்காரரைக்கூட ஒருநாள் ஏமாற்றிவிடலாம். ஆனால் ஒரு பெட்டி புளூபெரியை வைத்துப் பெட்டிபிரட்டியாரை ஏமாற்றக்கூடியவர் இந்தக் கொழும்பில் இன்னும் பிறக்கவில்லை. அவர் இப்போது எங்கள் ஒழுங்கையில் இல்லை. போன வருடம் மகளோடு இருக்கக் கனடாவுக்கே போய்விட்டார். சொந்தப் பெயர் எங்கள் ஃபிளாட் காவலாளிக்கே தெரியாது. சுப்பர் மார்க்கட்டில் பழப் பெட்டிகளைப் பிரட்டிப் பிரட்டிப் பார்ப்பதால் வந்த பட்டம் அது. அவருக்கும் அது தெரியும், கோபிக்க மாட்டார்.

நான் அந்த ஃபிளாட்டுக்குத் தனியாகக் குடிவந்த புதிது. கந்தோர் வேலை முடிந்து வந்ததும் டிவியைப் போட்டுவிட்டு, ஒருத்திக்குச் சமைத்து ஒருத்தியே சாப்பிட்டுவிட்டுப் படுக்கிற வாழ்க்கை. டிவியில் என்ன போகிறது என்று பார்ப்பதில்லை. வீட்டுக்குள் யாராவது கதைத்துக்கொண்டிருந்தால் போதும். அப்படி ஒரு மாலை, மனதைக் கொஞ்சம் தேற்றுவோம் என்று, எனக்குக் கட்டாத விலையில் கிடந்த ஒரு புளூபெரிப் பெட்டியைத் தூக்கினேன்.

"பிள்ளை, உந்தப் பெட்டியை வையும்."

திரும்பினால், மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையும் கையில் குடையுமாக ஒரு பெரியவர். யார், எவர் என்று ஒரு விசாரிப்பும் இல்லை. பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் தலைகீழாகப் பிடித்தார்.

"அடியில நனைஞ்சிருக்கு, கண்டனீரே? உள்ளுக்குள்ள ஒண்டு அழுகிக்கொண்டு, பக்கத்தில இருக்கிறதுகளுக்கும் சொல்லிக் குடுத்துக்கொண்டிருக்கு."

அதன் பிறகு ஒரு முழுப் பாடம் நடந்தது. பெட்டியை மெல்லச் சரித்தால் பழங்கள் தனித்தனியாக உருள வேண்டும். ஒன்றாய் ஒட்டிக்கொண்டு நகர்ந்தால் வைத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டும். காம்புப் பக்கம் சிவந்திருந்தால் பிஞ்சிலே பிடுங்கியது. மாங்காய் என்றால் வைக்கோலுக்குள் புதைத்துப் பழுக்கவைக்கலாம், இது பிடுங்கிய பிறகு பழுக்கவே பழுக்காது. தோல் சுருங்கியிருந்தால் விமானத்தாலே இறங்கிக் கன நாள். பெரிய பழத்தைக் கண்டு மயங்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மேலே மாப் பூசினதுபோல ஒரு வெள்ளைப் படிவு இருக்க வேண்டும். கை படாத பழத்துக்கு அதுதான் அடையாளம். இவ்வளவும் சரியாக இருந்தால்தான் அந்த விலைக்குப் பெறுமதி, இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்ப் பாதியைக் குப்பையில் கொட்டி, மிச்சப் பாதியை இரண்டு மடங்கு விலைக்குச் சாப்பிட வேண்டிவரும் என்றார். நான் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். ஆனாலும் அன்று ஒரு மனுசனோடு கதைத்திருந்தேன்.

இந்த வித்தையை அவர் கற்றது கனடாவில். மனைவி செத்த பிறகு மகளிடம் போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்திருக்கிறார். மகளும் மருமகனும் வேலைக்கு, பேரன் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் சுவர்தான் துணை. பக்கத்துக் கடையில் சூடு இருக்கும் என்று அங்கே போய்ப் பழங்களுக்கு முன்னால் நிற்பாராம். ஒரு சீனக் கிழவியும் தினமும் அங்கே வருமாம். அதற்குத் தமிழ் தெரியாது, இவருக்குச் சீனம் தெரியாது. அது பெட்டியைப் பிரட்டிக் காட்டும், இவர் தலையாட்டுவார். கடைசியில் ஏன் திரும்பி வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்க பழம் திறம், கதைக்க ஆளில்லை. இங்க ஆள் இருக்கு, பழம்தான் சரியில்லை," என்றார்.

அந்த ஆட்களால்தான் வில்லங்கமும் வந்தது. வெள்ளவத்தைச் சனம் கடையில் வாங்கிய எந்தப் பழத்தையும் மஞ்சளும் உப்பும் போட்டு ஊறவைக்காமல் வாயில் வைக்காது. அப்படிப்பட்டவர்கள் புளூபெரியின் வெள்ளைப் படிவைக் கண்டால் சும்மா இருப்பார்களா? மருந்தடித்த பழத்தை விற்கிறீர்கள் என்று ஆளுக்கு ஆள் முறைப்பாடு. பழப் பகுதிக்குப் பொறுப்பானவர் மட்டக்குளியிலிருந்து பஸ் ஏறி வருகிற, தொழிலில் மிகவும் நேர்மையான ஒரு சிங்கள மனிதர். அவர் ஒரு காலை முழுக்க உட்கார்ந்து, வந்திறங்கிய அத்தனை பெட்டியையும் திறந்து, ஈரத்துணியால் ஒவ்வொரு பழமாகத் துடைத்துப் பளபளவென்று அடுக்கிவைத்தார்.

பெட்டிபிரட்டியார் அதைக் கண்ட நேரத்தில் நானும் நின்றேன். செத்தவீட்டில் நிற்கிறவர்போல நின்றார். பிறகு குடையை நிலத்தில் ஊன்றி, தனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் செலவழித்தார். சிங்களம் முடிந்ததும் ஆங்கிலம், அதுவும் முடிந்ததும் தமிழ். மனேஜர் ஓடிவந்தார். இனிமேல் ஐயா கடைக்கு வரலாம், பெட்டியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று தீர்ப்பானது.

அவர் அடங்கினாரா? அடுத்த நாளே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்து நின்றார். வெள்ளவத்தைப் பெண்கள் பெட்டியைத் தூக்கி, பிரட்டி, சரித்து அவருக்குக் காட்டுவார்கள். அவர் கண்ணை மூடினால் வைத்துவிடுவார்கள், தலையசைத்தால் கூடைக்குள் போடுவார்கள். துடைத்த மனிதரே கொஞ்ச நாளில் புதுப்பெட்டிகளைக் கொண்டுவந்து, "ஹொந்தத, மாத்தயா?" என்று, நல்லதா ஐயா எனச் சிங்களத்தில் கேட்கத் தொடங்கினார்.

இவ்வளவுக்கும் அவர் ஒரு பெட்டிகூட வாங்கியதை நான் கண்டதில்லை. ஆருக்கு வாங்கிறது, பிள்ளை என்பார்.

அந்தக் கேள்விக்கு ஒருநாள் பதில் வந்தது. மகளும் மருமகனும் லீவுக்கு வருகிறார்கள், பேரனும் வருகிறான். பேரன் பழம் என்று வாயில் வைப்பது புளூபெரி ஒன்றைத்தானாம். செய்தியைக் கொண்டு என் கதவடிக்கு வந்தவரின் முகத்தில் சந்தோசத்தைவிடப் பயம்தான் கூட இருந்தது. அவனுக்கு அப்பப்பா, அம்மப்பா வித்தியாசமே இன்னும் சரியாகத் தெரியாது, வீடியோவில் ஒரு ஹாய் சொல்லிவிட்டு ஓடிவிடுவான், இந்தப் பழம் ஒன்றுதான் எனக்கும் அவனுக்கும் நடுவில இருக்கிற கதை என்றார்.

வெள்ளவத்தையில் எந்தப் பெட்டியும் தேறவில்லை. கொட்டாஞ்சேனையில் புதுச்சரக்கு இறங்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பஸ்ஸில் புறக்கோட்டை போய் அங்கிருந்து மாறிப் போனார். அங்கே அவரைத் தடுக்க ஆளில்லை. ஒவ்வொன்றாகப் பிரட்டி ஒரு பெட்டியைத் தெரிந்தெடுத்தார். திரும்பி வரும்போது கடற்பக்கம் வெயில் அடிக்கிறது என்று பெட்டிக்காக இருக்கை மாறினார். பக்கத்தில் இருந்த அம்மா மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டும் கொடுக்கவில்லை. கொள்ளுப்பிட்டி நெரிசலில் டிரைவர் பிரேக் போட்டபோது, தான் விழுந்தாலும் பரவாயில்லை என்று பெட்டியை உயரத் தூக்கிப் பிடித்தார். அப்படியே என்மேல் விழுந்தார்.

அவர்கள் வர இருந்ததற்கு முதல்நாள் பின்னேரம் என் கதவு தட்டப்பட்டது. பெட்டியோடு நின்றார்.

"மருமகனுக்கு லீவு குடுக்கேல்லையாம். வருகினம் இல்லை. இது பழுதாகப் போகுது, சாப்பிட ஆள் வேணும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். உள்ளே கூப்பிட்டு, பழத்தைக் கழுவி ஒரு கோப்பையில் போட்டு மேசையில் வைத்தேன். டிவியை நிறுத்தினேன். நான் ஒன்றை வாயில் போடும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்பிடி?"

"திறம், அங்கிள்."

"மெய்யாவோ? நான் ஒருநாளும் சாப்பிட்டதில்லை. அங்க வாங்கிறது பேரன்ரை சாப்பாட்டுப் பெட்டிக்கு. நாங்கள் எப்பிடி எடுக்கிறது?"

சொல்லிவிட்டு அவரும் ஒன்றை எடுத்தார். மென்றார். கண்ணைச் சுருக்கினார். இன்னொன்றை எடுத்து மென்றார். அப்படி ஒரு புளிப்பு. அவர் சொன்ன அத்தனை குணமும் இருந்த அந்தப் பெட்டியில் இனிப்பு மட்டும் இல்லை.

"பிள்ளை, இதைக் குடுத்திருந்தா என்ரை மானம் போயிருக்கும்," என்றார். "நல்ல காலம், அவன் வரேல்லை."

அதைச் சொல்லும்போது குரல் உடைந்தது. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டு அதை மறைத்தார்.

பிறகு நாங்கள் இருவரும் அந்தப் புளிப்பைச் சாப்பிட்டோம். எனக்குப் பல் கூசியது. கோப்பை காலியானால் எழும்பிப் போய்விடுவாரே என்று, நான் ஒவ்வொன்றாக, மெல்ல மெல்ல எடுத்தேன். பார்த்தால் அவரும் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருந்தார்.