பிரேக்கு சாமியார்

எண்பத்து நாலாம் வருஷம் திண்டிவனத்து டிரைவர்களுக்கு மெக்கானிக் தேவைப்படவில்லை. பிரேக்கு சாமியார் வந்துவிட்டார். காரும் வேனும் விடியும் முன்பே அவர் கொட்டகை வாசலில் வரிசை கட்டின. சக்கரத்துக்குக் கற்பூரம், பெடலுக்குத் தாயத்து. பிரேக் எண்ணெயும் பிரேக் லைனிங்கும்தான் வண்டியை நிறுத்துகின்றன என்று அதுவரை நம்பியிருந்தவர்கள் பாவம், நாஸ்திகர்கள்.

வாடகைக் கார் ஓட்டும் தேவநாதன் அவருடைய முதல் பக்தன். அவன் மனைவி அம்சாவுக்குத்தான் பக்தி ஒட்டவில்லை. போன வாரம் விழுப்புரத்தில் அவர்கள் கார் நிற்காமல் போய், மல்லாட்டைக் கடலை மூட்டையில் முட்டித்தான் நின்றது. முன்சீட்டில் இருந்தவள் அவள்.

"மூட்டை ரூபத்துல சாமி காப்பாத்திச்சு பாத்தியா" என்றான் தேவநாதன்.

"மூட்டைக்காரரு திட்டனது காதுல வுழலயா? நாளன்னிக்குக் கிளியனூரு கல்யாணத்துக்குப் புள்ளகுட்டிங்கள ஏத்திக்கினு போவணும். மாரியப்பண்ணங்கிட்ட காட்டுங்க."

"சாமி மந்திரிச்சா ஜல்தியா சரியாப் பூடும்."

அதுதான் அம்சாவை உறுத்தியது. மந்திரித்தால் உண்மையிலேயே கொஞ்ச நாள் பிரேக் பிடித்தது. பிறகு பெடல் பழையபடி அடிவரை போனது. மறுபடி காணிக்கை. மந்திரம் ஓதும்போது காரைச் சுற்றிக் காவித் துணி கட்டுவார்கள். சீடன் பச்சைமுத்து விபூதி பூச அடியில் நுழைவான். போன தடவை துணிக்குள்ளிருந்து இரும்புச் சத்தம் வந்ததை அவள் கேட்டிருந்தாள்.

மெக்கானிக் மாரியப்பனிடம் போனாள். "பிரேக்க டைட்டு பண்ண எங்கண்ணா கை வெப்பீங்க?"

சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் திருகை அவர் ஒரு காரில் காட்டினார். "இத முறுக்குனா கொஞ்ச நாளு புடிக்கும்மா. லைனிங் தேஞ்சிருந்தா அப்பறம் பேஜாருதான்."

மறுநாள் சாமியாரிடம் கிளம்புமுன், துணிக்குப் போடும் நீலத்தை எண்ணெயில் குழைத்துத் தங்கள் காரின் திருகுகளில் அப்பினாள் அம்சா. பிறகு பயபக்தியோடு காரில் ஏறிக்கொண்டாள்.

பூஜை முடிந்தது. காவித் துணி விலகியது.

"போய் வாங்க, நிக்கும்" என்றார் சாமியார்.

"சாமி, சீடரு கையக் கொஞ்சம் காட்டச் சொல்லுங்க" என்றாள் அம்சா.

பெயர் பச்சைமுத்து. கை நீலம்.

சாமியார் அசரவில்லை. "நீலகண்டன் எறங்கியிருக்கான். கும்பிடுங்க." பாதிப் பேர் கும்பிட்டே விட்டார்கள்.

"நீலகண்டன் இடுப்புல ஸ்பேனர் வெச்சிக்கினா வருவாரு?"

தேவநாதனே பச்சைமுத்துவின் மடியை உதறினான். ஸ்பேனர் விழுந்தது.

"அவன் தப்பு பண்ணிட்டான். மந்திரம் பொய்யில்ல" என்றார் சாமியார்.

"அப்பிடியா. மேட்டுல அந்த வேனு நிக்குது. நீங்களே மந்திரிங்க. உருட்டி வுடறோம், கீழ வந்து எதுருல நில்லுங்க" என்றாள் அம்சா.

அந்த நிமிஷமே சாமியாருக்குக் காசியிலிருந்து அழைப்பு வந்தது. புதுச்சேரி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார். பஸ் நின்றது. அதன் பிரேக் நன்றாயிருந்தது.

மாரியப்பன் தேவநாதன் காரின் சக்கரத்தைக் கழற்றினார். லைனிங் காகிதமாய்த் தேய்ந்திருந்தது. தேவநாதன் அதை விரலால் தடவிப் பார்த்தான். "இதுலயா புள்ளைங்கள ஏத்திக்கினு போவ இருந்தேன்" என்றான். புது லைனிங் போட்டுக் கல்யாணத்துக்குப் போனார்கள். கார் மிதித்த இடத்தில் நின்றது.

மந்திரம் ஓதும்போது சாமியார் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்களே, அத்தனை பேரும் வண்டிக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார்கள். தலையை லேசாகத் திருப்பியிருந்தால் காவித் துணிக்கு அடியில் நடப்பது தெரிந்திருக்கும். இனிமேல் விழுந்து கும்பிடுகிறவர்கள் கண்ணையாவது திறந்துகொண்டு விழுங்கள்.