காற்றுப் பிடித்த டேப்பட்

ஒன்றுமே தெரியாத மெக்கானிக்கால் வண்டிக்கு ஆபத்தில்லை. திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவான். பாதி தெரிந்தவன்தான் ஸ்பானரை எடுப்பான். எண்பதுகளில் கொடைக்கானலில் அப்படி ஒருவன் ஷெட் போட்டிருந்தான். (நான்தான்.)

எனக்குத் தெரிந்ததெல்லாம் ஜீப்பும் அம்பாசடரும். அப்போதுதான் ஸ்டெல்லாவைப் பெண் பார்த்து முடித்திருந்தோம். அவள் அப்பா டாக்ஸிக்காரர். சாலை வழியாகவே இந்தியாவுக்கு வந்த வெள்ளைக்கார ஜோடி ஒன்று ஊர் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன வேனை வாங்கி, சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பெண் வீட்டார் அந்த வேனில் எங்கள் ஊர் பள்ளங்கிக்கு வந்து, எங்கள் வீட்டைப் பார்த்துக் கல்யாணத் தேதி பேசுவதாக ஏற்பாடு.

முந்தின நாள் அவள் அப்பா வேனோடு ஷெட்டுக்கு வந்தார்.

"மாப்ளே, எஞ்சினு தையல் மிஷின் கணக்கா கத்திக்கிட்டுக் கெடக்கு. என்னான்னு பாருங்க."

அவர் என்னை மாப்ளே என்றது அதுவே முதல் தடவை. அந்தச் சொல்லுக்காக எஞ்சினையே விழுங்கியிருப்பேன்.

"டேப்பட் சத்தம் மாமா. சின்னச் சோலி, விட்டுட்டுப் போங்க."

டேப்பட் என்பது எஞ்சின் வால்வைத் தள்ளித் திறக்கும் உறுப்பு. ஜீப்பில் அது வெறும் இரும்புத் துண்டு. மேலே கொஞ்சம் இடைவெளி விட்டு ஸ்க்ரூவை நிறுத்தினால் வேலை முடிந்தது. இந்த வேனின் டேப்பட்டோ உள்ளே எண்ணெயை நிரப்பிக்கொண்டு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஜாதி. அது எனக்குத் தெரியாது. கழற்றி, பெட்ரோலில் கழுவி, சொட்டு எண்ணெய் இல்லாமல் துடைத்து மாட்டினேன். உள்ளே முழுக்கக் காற்று! ஸ்டார்ட் செய்தால், தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை. பயத்தில் ஸ்க்ரூவை முறுக்கினேன். சத்தம் குறைந்தது. இன்னும் முறுக்கினேன். சத்தம் நின்றேபோனது. எதற்கும் இருக்கட்டும் என்று மேலும் அரைச் சுற்று. எஞ்சின் லேசாக நடுங்கியது.

வண்டியை எடுக்க வந்தவரிடம், "குளிருக்கு அப்படித்தான் மாமா," என்றேன். நம்பினார், பாவம்.

ஞாயிறு. கொடைக்கானலிலிருந்து பள்ளங்கிக்கு இறக்கம். வேன் பூனைபோல் வந்து நின்றது. "மாப்ளே கை பட்டதும் வண்டி வாயவே தொறக்கல," என்று மாமா எல்லோரிடமும் சொன்னார். கறிச்சோறு சாப்பிட்டார்கள். பங்குச் சாமியாரைக் கேட்டுத் தேதி சொல்வதாகக் கிளம்பினார்கள். பாராட்டு இன்னும் கொஞ்சம் கிடைக்கும் என்று நானும் ஏறிக்கொண்டேன்.

முதல் ஏற்றத்திலேயே வேன் முக்கி முனகியது. நான் முறுக்கிய முறுக்கில் சில வால்வுகள் முழுசாக மூடவே இல்லை. எஞ்சினுக்குத் தம் நிற்கவில்லை. "கல்லு வைங்க, கல்லு!" என்று மாமா கத்தினார். இறங்கித் தள்ளினோம். பின்னால் நின்று தள்ளிய என் வருங்கால மாமியாரின் பட்டுச் சேலையில் புகைக்குழாய் கரியைத் துப்பியது. கடைசியில் மேலே போன காரட் லாரியில் மூட்டைகளின் மேல் அவர்களை ஏற்றிவிட வேண்டியதாயிற்று.

ஏறும்முன் ஸ்டெல்லா என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லங்க?"

மாமா தேதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. "வண்டியச் சரி பண்ணிக் குடுங்க, தம்பி," என்றார். மாப்ளே ஒரே நாளில் தம்பியாகிவிட்டான்.

மறுநாள் மதுரைக்கு பஸ் ஏறி, வெளிநாட்டு வண்டி வேலை தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்துக் கேட்டுக்கொண்டு வந்தேன். டேப்பட்டை எண்ணெய்ச் சட்டியில் முக்கி, உள்ளே இருக்கும் சின்ன இரும்புக் குண்டை மெல்லிய கம்பியால் அழுத்திக்கொண்டு, மேலிருந்து அமுக்க வேண்டும். காற்றெல்லாம் வெளியேறி, அது கல்லாக இறுகும்வரை விடக்கூடாது. ஷெட்டில் நான் அதைச் செய்தபோது மாமா ஸ்டூலைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த ஸ்டெல்லா எட்டிப் பார்த்தாள். சட்டியில் குமிழி 'ப்ளுக்' என்றது.

"இதென்ன, பச்சப்புள்ளைக்கு ஏப்பம் எடுக்குற மாதிரி!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமா சிரிக்கவில்லை. எல்லாவற்றையும் மாட்டி, ஸ்க்ரூவை அளவாக நிறுத்தி, எண்ணெய் அமரக் காத்திருந்து ஸ்டார்ட் செய்தேன். கொஞ்ச நேரம் கடகடத்து அடங்கியது. மாமா தனியாக ஓட்டிக்கொண்டு போய், ஏற்றமாகப் பார்த்து ஏறி இறங்கி வந்தபிறகுதான் தேதி வைத்தார்.

எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்தபோது, பால் கொடுத்ததும் ஸ்டெல்லா பிள்ளையை என் தோளில் சாய்த்துவிடுவாள். "இந்தாங்க, காத்து எடுங்க. மதுர வரைக்கும் போய்ப் படிச்சிட்டு வந்தவரு நீங்கதான்." இப்போது பேத்தியையும் அப்படித்தான் சாய்க்கிறார்கள். ஏப்பம் வந்ததும் வீடே சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். குழந்தையின் முதுகு என் முகத்தை மறைத்துவிடுகிறது என்பதுதான் ஆறுதல்.