சனிக்கிழமையைக் காக்க ஒரு நிரல்

சனிக்கிழமை மாலை கேரம் இரட்டையர் இறுதிப் போட்டி. அன்றைக்கு வீட்டு வேலை எதுவும் தன் தலையில் விழக்கூடாது என்று கணினி நிரலர் கங்கணம் கட்டிக்கொண்டார்.

மனைவி அலைபேசியில் அனுப்பும் செய்திகள்தான் வில்லங்கம். பரணைக் கொஞ்சம் பாருங்கள் என்பாள். அந்தக் கொஞ்சம் இருட்டும்வரை நீளும். எனவே இரண்டு நாள் உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினார். இனி அவள் வேலை, நாள், நிமிடம், யார் என்று நான்கு தலைப்பில் எழுதி அனுப்ப வேண்டும். நிரல் அதைப் படித்து, தேதியைத் தேதியாகவும் எண்ணை எண்ணாகவும் எடுத்துக்கொண்டு ஒரு வேலைச்சீட்டு தயாரிக்கும். எண் வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடும்.

முதல் செய்தி வந்தது. நிமிடம்: கொஞ்ச நேரம். திரும்பிப் போனது. அடுத்தது வந்தது. நாள்: உங்களுக்கு எப்போது ஒழிகிறதோ அப்போது. அதுவும் போனது. நிரலருக்குக் கால் தரையில் பாவவில்லை.

மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்கப் படிவம் சரிபார்ப்பவள் அவள்.

"ஏங்க, எழுத்து போட்டா திருப்பிடும், சரி. ஒண்ணுமே போடாம விட்டா?"

கேள்வி கேட்க ஆள் கிடைத்த குஷி அவருக்கு. "அதுக்கும் வழி பண்ணியிருக்கேன். காலியா இருந்தா, நான் முன்னாடியே எழுதி வெச்சதை எடுத்துக்கும்."

"யார்ங்கிற இடத்துல என்ன எழுதி வெச்சிருக்கீங்க?"

"சோதிச்சுப் பாக்கறதுக்காக என் பேரைத்தான்."

"கெட்டிக்காரருங்க நீங்க," என்றாள் மனைவி. அவர் அதை நம்பினார்.

சனிக்கிழமை காலை பதினொரு வேலைகள் வந்து இறங்கின. பரண், ஜன்னல் கம்பி, ஒழுகும் குழாய். நாள் துல்லியம், நிமிடம் துல்லியம். யார் என்ற இடம் மட்டும் பதினொன்றிலும் காலி. நிரல் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் பதினொரு சீட்டையும் அவர் பெயரில் நீட்டியது. இது அநியாயம் என்றார் நிரலர்.

"நீங்க எழுதினதே ஒத்துக்கிச்சு. நீங்க ஒத்துக்க மாட்டீங்களா?"

மாலையில் அவருடைய ஜோடி, பக்கத்து வீட்டு மருந்துக்கடைக்காரர், கூப்பிட வந்தார். நிரலர் ஒட்டடையோடு பரணில் இருந்தார். ஆட்டத்துக்கு ஆள் இல்லையே என்று வந்தவர் கையைப் பிசைய, மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, தான் வருவதாகச் சொன்னாள்.

இரண்டு மணி நேரம் கழித்து மருந்துக்கடைக்காரர் கோப்பையும் கையுமாகத் திரும்பினார். பரணை அண்ணாந்து பார்த்து, மிகுந்த மரியாதையோடு கேட்டார்:

"சார், அடுத்த வருஷமும் இதே நாள்ல உங்களுக்கு வீட்ல வேலை இருக்கும்ல?"